மீனுக்கு நல்ல தண்ணி

தண்ணீர் கேன் போடும் தணிகைமணி இரண்டாவது கேனையும் மாடிக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டு, சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னா சிஸ்டர், ஒரே ஆளு, ரெண்டு கேனா? குளிக்கறதும் இதுலதானா?”

டெபோரா சிரித்து வைத்தாள். மீனுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் இன்னொன்று கேட்பான், அதற்கும் ஒரு பதில் வேண்டும். காலிக் கேன்களை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திருத்தணி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது அவள் வேலை. அதனால் தெருவுக்கே அவள் சிஸ்டர். இந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். அவளும் வைகாசியில் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

மீன் தொட்டி அவளுடையது.

கயல்விழி பொதட்டூர்பேட்டைக்காரி. அதே லேபில் முன்னால் உட்கார்ந்து பில் போட்டாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடிச் சலித்துப்போய், டெபோராவின் அறைக்கே வந்து சேர்ந்துகொண்டாள். வந்த வருஷமே கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அடியில் மணல் பரப்பினாள். பின்னால் ரிப்பன் போல நீண்ட புல், ஓரத்தில் ஒரு மரக்கட்டை, கட்டையைச் சுற்றிப் பச்சைப் பாசி. மீன்கள் கப்பி, பிளாட்டி, மோலி. எல்லாம் குட்டி போடுகிற வகை.

“முட்டை கிட்டைன்னு ராவடியே இல்லடி,” என்றாள் கயல்விழி. “பொறந்த உடனே நீந்தும். உடனே பசிக்கும். உடனே பெத்தவளே வந்து தின்னுடுவா. அதுக்குத்தான் இவ்ளோ செடி, ஒளிஞ்சுக்கறதுக்கு.”

ஆண் மோலிக்கு மாமனார் என்று பெயர் வைத்தாள், கருத்த பெரிய பெண் மோலிக்கு மாமியார். மற்ற மீன்களைத் தீனிப் பக்கம் அண்டவிடாது. சாயங்காலம் லேபிலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு, “மாமியாரே, இன்னிக்கு யாரை வேலை வாங்கினே?” என்று தொட்டியிடம்தான் முதலில் கேட்பாள். பிறகு பஸ்ஸில் நடந்தது, லேபில் நடந்தது, ஊரில் நடந்தது. அறையில் எந்நேரமும் பேச்சு இருந்தது. டெபோரா வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. அது எவ்வளவு சௌகரியம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை ஆர்.கே.பேட்டை. பஸ்ஸில் ஏறிக் கண் அசருவதற்குள் இறங்கிவிடலாம்.

“ஆடிக் கிருத்திகைக்கு எப்படியும் எல்லாரும் மலைக்கு வருவோம். அப்ப வந்து தொட்டியை எடுத்துகினு போறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்கோ,” என்றாள் கயல்விழி. ஆட்டோவில் பெட்டிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவள், வண்டி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: “தண்ணி மாத்தறப்போ நல்ல தண்ணியா பாத்து ஊத்துடி! ஆங்?”

“ஆங்,” என்றாள் டெபோரா.

நல்ல தண்ணி என்றால் இந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான். குழாயில் வருவது போர் தண்ணி, உப்பு. கேனில் வருவது நல்ல தண்ணி. குடிக்க, சமைக்க, விருந்தாளிக்குக் கொடுக்க. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கயல்விழி தொட்டியில் தண்ணீர் மாற்றி டெபோரா பார்த்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சர்ச்சில் இருக்கும் நேரத்தில்தான் அந்த வேலை நடக்கும். திரும்பி வரும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கும். வாளி பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். கயல்விழி நனைந்த நைட்டியோடு உட்கார்ந்து, “உங்க ஃபாதர் இன்னிக்கும் தூங்க வச்சாரா?” என்பாள். ஃபாதர் இல்லை, பாஸ்டர் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

அவள் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் டெபோரா கேன் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். பழைய தண்ணீர் கொஞ்சம் எடுப்பது, புதுத் தண்ணீர் கொஞ்சம் விடுவது. செடிகள் செழித்தன. பாசி மரக்கட்டையை மூடிக்கொண்டு வளர்ந்தது. அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். கயல்விழி ஒரு இதயப் படம் அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை.

ஆனி மாதம் ஆண் மோலியிடம் அந்த ஆட்டம் தொடங்கியது.

ஒரே இடத்தில் நின்றுகொண்டு உடம்பை இடமும் வலமுமாக ஆட்டியது. நீந்துகிற அசைவுதான், ஆனால் நகரவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டது. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் போல இருந்தது. தீனி போட்டால் மேலே வரவில்லை. ஒரு காலையில் புல்லுக்கு நடுவே பக்கவாட்டில் கிடந்தது. டெபோரா அதை ஸ்பூனால் எடுத்து, மாடிப்படி ஓரத்துக் கறிவேப்பிலைச் செடியின் மண்ணில் புதைத்தாள். அந்த வாரமே கப்பிகளில் சில போயின.

அவள் விலங்கியல் படித்தவள். மீனுக்கு நோய் என்றால் முதலில் தண்ணீரைப் பார் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று முடிவு செய்தாள். அதனால் ஞாயிறோடு புதனும் மாற்றினாள். அதற்குத்தான் இரண்டாவது கேன்.

மீன்கள் இன்னும் சோர்ந்தன.

மாமியாரும் மூலையில் நின்று ஆடத் தொடங்கிய அன்று டெபோரா வேலைக்குக் கிளம்ப மனமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கயல்விழி தொட்டியை எடுத்துப்போக வருவாள். தொட்டியில் மீன் இல்லாவிட்டால்? வெறும் கண்ணாடிக்காக யார் மாடி ஏறி வருவார்கள்? லேபில் அவள் நாற்காலியில் வேறொரு பெண் வந்துவிட்டாள். அறையில் அவள் துணிமணி ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஊரில் அவளுக்கென்று பாக்கி இருப்பது இந்த மீன்கள்தான்.

கேட்டுவிடலாம் என்று போன் செய்தாள். எடுத்தது வேறு குரல். பின்னால் தடதடவென்று தறிச் சத்தம்.

“யாரும்மா?”

“கயல்விழி இல்லீங்களா? நான் திருத்தணியில கூட வேலை செஞ்ச...”

“அவ வேலையா கீறாம்மா. இன்னா விசயம்?”

மீன் செத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது? புதுப்பெண் இருக்கும் வீட்டில், அவள் மாமியாரிடம், முதல் பேச்சே சாவுப் பேச்சாகவா? அதிலும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வாய் தவறி வந்துவிட்டால்?

“ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்,” என்றாள்.

“சொல்றேன்,” என்று அந்தக் குரல் வைத்துவிட்டது. கயல்விழி திரும்பக் கூப்பிடவில்லை. செய்தியாக அனுப்பலாம் என்று எழுதிப் பார்த்தாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். கடைசியில் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். லேபுக்குப் போன பிறகுதான் போனை எடுத்து வரவில்லை என்று தெரிந்தது. நாள் முழுக்க அதில் யாரும் கூப்பிட்டிருக்கவும் இல்லை.

ஆடி பிறந்து முதல் வெள்ளி, வீட்டுக்காரம்மா வள்ளிநாயகி ஒரு கிண்ணத்தில் கூழும், இன்னொன்றில் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதவோரம் செருப்பைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள். பாத்ரூம் கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“யாராச்சும் வந்துகீறாங்களாம்மா?”

“இல்லீங்களே ஆன்ட்டி.”

“இல்ல, தனியாத்தானே கீற. ரெண்டு கேன் மேல போவுது. தெருவுல கேக்கறாங்க. நான்தான் சொன்னேன், அந்தப் பொண்ணு அப்படியெல்லாம் கெடையாது, வாயத் தொறந்து பேசவே பேசாது, அதுங்கிட்ட யாரு வருவாங்கன்னு.”

டெபோராவின் காது சூடாகிவிட்டது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. யாரோ வருகிறார்கள் என்று தெரு நினைத்ததற்கா, யார் வருவார்கள் என்று இவள் சொன்னதற்கா?

“மீனுக்கு ஆன்ட்டி. தொட்டியில மாத்தறதுக்கு.”

“மீனுக்குக் கேன் தண்ணியா! குடுத்து வச்ச மீனு.” வள்ளிநாயகி கருவாட்டுக் கிண்ணத்தோடு தொட்டி முன்னால் குனிந்தாள். “செய்யறதும் சரிதான். நம்ம போர் தண்ணி ஊத்தினா இதுங்க கதி இன்னா ஆவறது? சோப்பு போட்டா நொரையே வர மாட்டேங்குது.” பிறகு மாமியாரை விரலால் காட்டினாள். “டான்ஸ் ஆடுது பாரு! சந்தோஷமா கீதும்மா.”

மாமியார் மூலையில் நின்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் லேபில் கூட்டம் அதிகம். கிருத்திகை வருகிறது என்று விரதம் இருக்கிறவர்களுக்கு மயக்கம், நடந்து வருகிறவர்களுக்குக் காய்ச்சல். எல்லாம் முடிந்து, மதியம், டெபோரா ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களைக் கழுவ உட்கார்ந்தாள். ஒரு குழாயில் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருந்தது. அதில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுக் குலுக்கினாள். தினமும் செய்வதுதான். கலங்கலாக இருந்தது கண் முன்னால் தெளிந்து, ரோஸ் மில்க் போல இருந்தது கண்ணாடிச் சிவப்பாக மாறியது.

ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். சுத்தமான தண்ணீரில் அவை உயிரோடு இருக்காது. தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். அவற்றுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். பட்டப்படிப்பில் முதல் வருஷப் பாடம். எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள்.

டெபோரா குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியின் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தாள். மீன்களை அல்ல, செடியோடு எப்போதோ வந்து சேர்ந்த நத்தைகளைப் பார்த்தாள். ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. சுண்ணாம்பு கரைந்துகொண்டிருந்தது. பாத்ரூமுக்குப் போனாள். குழாயின் வாயில் வெள்ளைக் காரை. வாளியின் உட்புறம் வெள்ளை வளையம். ஹீட்டர் ராடில் சுரண்டி எடுக்கிற கனத்துக்கு வெள்ளை ஓடு. அந்த மீன்களுக்கு வேண்டியதெல்லாம் இந்த வீட்டுக் குழாயில் இத்தனை நாளும் சும்மா வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தவிர்த்து, பொறுக்கியெடுத்து, உப்பும் சுண்ணாம்பும் வடிகட்டிய, ஒன்றுமில்லாத கேன் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். வாடுகிறதே என்று அதையே இன்னும் அதிகமாக.

மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் அதுவே கொன்றுவிடும். சாயங்காலம் ஒரு மக் தண்ணீர் எடுத்தாள், ஒரு மக் போர் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த நாள் இன்னொரு மக். அவசரப்படாமல், காய்ச்சல் விட்டவர்களுக்குக் கஞ்சி கொடுப்பதைப் போல. தீனியையும் குறைத்தாள். மீனுக்கு அதன் கண்ணளவுதான் வயிறு என்று கயல்விழி சொல்வாள்.

தணிகைமணி வந்தபோது, “ஒண்ணு போதும்,” என்றாள்.

“விருந்தாளி ஊருக்குப் போயிட்டாங்களா சிஸ்டர்?”

“ஆங்,” என்றாள். அதுதான் சுலபமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமியாரின் முதுகுத் துடுப்பு விரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மூலையை விட்டு வெளியே வந்து, பிளாட்டி ஒன்றைத் தீனியிலிருந்து விரட்டியது. டெபோரா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, திரும்பிப் பின்னால் பார்த்தாள். பழக்கம்.

கிருத்திகைக்கு முந்தின வாரம் பாசிக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ அசைந்தது. கறுப்புக் குட்டிகள். ஒவ்வொன்றும் கடுகில் வால் முளைத்தது போல. ஆண் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

கிருத்திகை அன்று தெரு மஞ்சளாகிவிட்டது. காவடிகளும் பால்குடமும் மலைப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தன. அரோகரா சத்தம் ஜன்னல் வழியாக வந்து போனது. வள்ளிநாயகி கீழ்வீட்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு அடுப்படியில் முடங்கிக் கிடந்தாள். டெபோரா வீட்டைப் பெருக்கினாள். மூடி போட்ட வாளி ஒன்று, கெட்டியான பிளாஸ்டிக் கவர்கள், கட்ட ரப்பர் பேண்ட், செடிகளைச் சுற்ற ஈரச் செய்தித்தாள் எல்லாம் எடுத்து வைத்தாள். மீன் போகட்டும். போவதற்கு முன்னால் அவள் வந்து உட்காருவாள் இல்லையா? டீ போட இஞ்சி வாங்கி வைத்திருந்தாள்.

உச்சிவேளையில் படியில் கொலுசுச் சத்தம்.

“டெபி! கதவத் தொறடி!”

மஞ்சள் புடவை, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, முகம் வெயிலில் கன்றியிருந்தது. கீழே கழுவிய ஈரக் காலோடு உள்ளே வந்தாள். “அஞ்சு நிமிசம்தான்டி. பாவா கீழ நிக்கறாரு. அத்தைங்கல்லாம் வேன்ல குந்திகினு கீறாங்க.”

பாவா. அந்த வார்த்தை இந்த அறைக்குப் புதிது. இதற்கு முன் புருஷன் பேச்சு வந்தால் அருண்பாண்டியன் என்று பெயரைச் சொல்லிச் சிரிப்பாள்.

கயல்விழி நேராகத் தொட்டிக்குப் போனாள். “அய்யோ, இவ்ளோ குட்டியா! எங்கடி மாமனாரு?”

“போயிட்டாரு. ஆனியிலயே.”

“மாமனாரு போயும் மாமியாரு பெத்துட்டாளா? கைகாரிதான்!”

“இல்லடி, அதுங்க சேத்து வச்சுக்கும். ஒரு தடவை சேந்தா போதும், மாசக்கணக்குல உள்ள...” டெபோரா பாதியில் நிறுத்தினாள்.

கயல்விழி கைதட்டிச் சிரித்தாள். “படிச்ச பொண்ணு வாயில வர்றத பாரு!”

டெபோரா கேன் தண்ணீர்க் கதையைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல கயல்விழி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“லூசு! நல்ல தண்ணின்னா அழுக்கில்லாத தண்ணிடி! நான் எப்பவும் பாத்ரூம் கொழாயிலதான் புடிப்பேன். கூப்பிட்டுக் கேக்கறதுக்கு இன்னா உனக்கு?”

“கூப்பிட்டேனே. உங்க அத்தை எடுத்தாங்க.”

கயல்விழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட சொல்லல,” என்றாள். பிறகு வாளியையும் கவர்களையும் பார்த்தாள். “இதெல்லாம் எதுக்கு?”

“எடுத்துகினு போறதுக்கு. வேன் இருக்குல்ல.”

“அங்க வேணாம் டெபி. வூட்டுக்குள்ளயே நாலு பவர்லூம் ஓடுது. தரை அதிர்ந்துகினே இருக்கும். டம்ளர்ல தண்ணி வச்சா தண்ணி ஆடும். மொத வாரம் எனக்கே தூக்கம் இல்ல. இதுங்க பாவம், செத்துடும். நீயே வச்சுக்கோ.”

பழைய துப்பட்டாவைக் கொடுப்பது போல அதைச் சொல்லிவிட்டாள். கீழே வேன் ஹாரன் அடித்தது.

“நான் வச்சுக்க மாட்டேன்,” என்றாள் டெபோரா.

“இன்னாடி, கோவமா?”

“கோவம் இல்ல. இது உன் மீனு. நீ வந்து தண்ணி மாத்து. ஞாயித்துக்கெழம, முன்ன மாதிரியே. நான் சர்ச்ல இருந்தா சாவி கீழ ஆன்ட்டி கிட்ட இருக்கும். வாளியில தண்ணி புடிச்சு வச்சிருப்பேன்.”

அவ்வளவு வார்த்தைகளை அவள் ஒரே மூச்சில் சொல்லி கயல்விழி கேட்டதில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டாவது ஹாரன் அடித்தது.

“பாக்கறேன்டி. பஸ்ஸு கெடச்சா...” என்று அவள் கையை அழுத்திவிட்டுப் படியிறங்கி ஓடினாள். தரையில் ஈரக் கால் தடங்கள் கொஞ்ச நேரம் இருந்தன. இஞ்சி அடுப்படியிலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டெபோரா நேராக வந்தாள். கூட்டம் போன வீட்டை வள்ளிநாயகி கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே சாவியை நீட்டினாள். “யாரும் வரலம்மா.”

வாளி நிரம்பினபடியே தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியாக வந்து விழுந்த கறிவேப்பிலை ஒன்று மேலே மிதந்தது. டெபோரா அதை எடுத்துப் போட்டுவிட்டு, மக் மக்காகத் தண்ணீரை மாற்றினாள். குட்டிகள் பாசிக்குள் சிதறி ஓடின. மாமியார் மட்டும் மக்கின் விளிம்புக்கே வந்து நின்றது.

“மாமியாரே,” என்றாள் டெபோரா. அறையில் அவள் குரல் சற்றுப் பெரிதாகக் கேட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு முழுதாகக் கேட்டாள். “இன்னிக்கு யாரை வேலை வாங்கினே?”

சனிக்கிழமை சாயங்காலம் வாளியை மறுபடியும் குழாயடியில் வைத்தாள். வைத்திருந்து போக்கவேண்டிய குளோரின் போர் தண்ணீரில் கிடையாது. முன்கூட்டிப் பிடித்து வைக்கவேண்டிய அவசியமே இல்லை, அந்த நேரத்துக்குப் பிடித்து ஊற்றினால் போதும். அது அவளுக்குத் தெரியும். விளிம்பு வரை நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.